மனநோய்களின் வரையறை ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனநல மருத்துவர் எழுதிக் கொடுத்த நோயின் பெயர் பத்து வருஷம் கழித்து வேறாகிவிட்டால், வீட்டில் முதலில் எழுவது சந்தேகம்தான். அன்றைக்குச் சொன்னது பொய்யா, இன்றைக்குச் சொல்வது பொய்யா? இரண்டுமே பொய்யில்லை என்பது என் கட்சி. ஆனால் அதைச் சொன்னால் மட்டும் போதாது. இந்த வரையறைகளை யார் மாற்றுகிறார்கள், எதற்காக மாற்றுகிறார்கள், எங்கே தடம் புரண்டார்கள் என்பதெல்லாம் தெரிந்தால்தான் சீட்டில் இருக்கும் பெயரை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று நாமே முடிவு செய்ய முடியும்.

இந்த வரையறைகளை எழுதுவது யார்?

பெரும்பாலும் இரண்டு நூல்கள்தான். ஒன்று, உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி. காலரா முதல் எலும்பு முறிவு வரை எல்லாவற்றுக்கும் குறியீடு தரும் பட்டியல் அது. 1948-ல் ஏற்கப்பட்ட ஆறாம் பதிப்பில்தான் மனநோய்களுக்குத் தனிப் பிரிவு வந்தது. இன்னொன்று, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிடும் டிஎஸ்எம். முதல் பதிப்பு 1952-ல் வந்தது. ஐந்தாம் பதிப்பு 2013-ல் வெளியாகி 2022-ல் திருத்தப்பட்டது.

இந்தியாவில் சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது ஐசிடியை. ஒருவருக்கு மனநோய் இருக்கிறதா என்பதை ஐசிடியின் நடப்புப் பதிப்பு உள்ளிட்ட, நாட்டிலும் உலக அளவிலும் ஏற்கப்பட்ட மருத்துவ அளவுகோல்களின்படிதான் தீர்மானிக்க வேண்டும் என்கிறது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். உங்கள் கேஸ் ஷீட்டில் எஃப்20 என்று இருந்தால் அது ஐசிடி பத்தாம் பதிப்பில் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா). எஃப்32 என்றால் மனச்சோர்வு (டிப்ரஷன்). 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பில் மனச்சிதைவின் குறியீடு 6ஏ20. பழைய எஃப் குறியீட்டை இன்னும் பல இடங்களில் பார்க்கலாம், குழம்ப வேண்டாம். டிஎஸ்எம்முக்கு இங்கே சட்டத்தில் அப்படியோர் இடம் இல்லை என்றாலும் ஆராய்ச்சியிலும் பாடத்திலும் அதன் செல்வாக்கு அதிகம். அங்கே ஒரு வரி மாறினால் கொஞ்ச நாளில் நம் ஊர் கிளினிக்கிலும் அது தெரியும்.

மற்ற நோய்களுக்கு இப்படி வரையறை மாறுவதில்லையே?

மாறுகிறது. வெறும் வயிற்றில் சர்க்கரை 140 இருந்தால்தான் நீரிழிவு என்று இருந்தது. 1997-ல் அதை 126 ஆக்கினார்கள். ரத்த அழுத்தத்துக்கு 140/90 என்று இருந்த கோட்டை 2017-ல் அமெரிக்க இதயநோய் அமைப்புகள் 130/80-க்கு இறக்கின. உடம்பில் ஒன்றும் மாறாமலே பல லட்சம் பேர் நோயாளிகள் ஆனார்கள். ஆனால் அங்கே கையில் ஓர் எண் இருக்கிறது. மனநலத்தில் இருப்பதெல்லாம் நோயாளி சொல்வதும், குடும்பம் சொல்வதும், மருத்துவர் பார்ப்பதும்தான். அதனால்தான் இங்கே கோடு நகரும்போது வெறும் அபிப்பிராயம் மாறியதுபோல் தோன்றுகிறது.

பழைய காலத்து டாக்டர்கள் பட்டியல் இல்லாமலே கண்டுபிடித்தார்களே, அதற்கு என்ன?

கண்டுபிடித்தார்கள், ஆனால் ஆளுக்கொன்றாக. 1960-களில் நியூயார்க் மருத்துவமனைகளில் மனச்சிதைவு நோயாளிகள் லண்டனைவிட மிக அதிகமாக இருப்பதாகப் புள்ளிவிவரம் காட்டியது. இதற்காக இரண்டு நாட்டு மருத்துவர்களும் சேர்ந்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். நோயாளிகளிடம் எடுத்த பேட்டிகளைப் படம்பிடித்து, ஒரே படத்தை இரு நாட்டு மருத்துவர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். அதில் ஒரு நோயாளியைப் பார்த்து அமெரிக்க மருத்துவர்களில் 69 சதவீதம் பேர் மனச்சிதைவு என்றார்கள். பிரிட்டிஷ் மருத்துவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 2 சதவீதம். விமானம் ஏறி அட்லாண்டிக்கைக் கடந்தால் நோய் மாறிவிடும் என்கிற நிலை அது. நோயாளிகளை ஒரே முறையில் பரிசோதித்து ஒரே அளவுகோலில் பார்த்தபோது இரண்டு நகரங்களுக்கும் இடையே இருந்த வித்தியாசம் பெருமளவு மறைந்துபோனது.

அந்தக் காலத்து டிஎஸ்எம் நூல்களில் ஒவ்வொரு நோய்க்கும் சில வரி விளக்கம்தான் இருந்தது. எத்தனை அறிகுறி, எத்தனை நாள் என்பதெல்லாம் கிடையாது. 1972-ல் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 14 நோய்களுக்குக் கறாரான நிபந்தனைகள் எழுதி வெளியிட்டார்கள். அந்த வழியைப் பிடித்துக்கொண்டு, ராபர்ட் ஸ்பிட்சர் தலைமையிலான குழு 1980-ல் டிஎஸ்எம் மூன்றாம் பதிப்பைக் கொண்டுவந்தது. 134 பக்கமாக இருந்த நூல் கிட்டத்தட்ட 500 பக்கம் ஆனது. நோய் எதனால் வந்தது என்ற ஃப்ராய்டு வழி விளக்கங்களை ஒதுக்கிவிட்டு, கண்ணுக்குத் தெரியும் அறிகுறிகளை மட்டும் எண்ணச் சொன்னது. இன்றைக்கு நாம் பார்க்கும் "இத்தனையில் இத்தனை" பாணி அங்கிருந்து வந்ததுதான்.

"ஒன்பதில் ஐந்து அறிகுறி" என்கிறார்களே, ஏன் ஐந்து? நான்கு இருந்தால் நோய் இல்லையா?

நியாயமான கேள்வி. மனச்சோர்வுக்கு டிஎஸ்எம் சொல்லும் ஒன்பது இவை: நாள் முழுக்கச் சோர்ந்த மனநிலை, எதிலும் நாட்டமில்லாமல் போவது, பசியிலோ எடையிலோ மாற்றம், தூக்கம் கெடுவது அல்லது அதிகமாவது, உடம்பில் பதற்றம் அல்லது மந்தம், களைப்பு, தான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணமோ அளவு மீறிய குற்ற உணர்வோ, கவனம் நிற்காமை, சாவைப் பற்றிய நினைப்பு. இவற்றில் ஐந்து, இரண்டு வாரம், அனேகமாகத் தினமும் இருக்க வேண்டும். முதல் இரண்டில் ஒன்றாவது கட்டாயம்.

ஐந்து என்ற எண் எந்தச் சோதனைக்கூடத்திலிருந்தும் வந்ததல்ல. அனுபவமுள்ள மருத்துவர்கள் உட்கார்ந்து பேசி, எங்கே கோடு போட்டால் நடைமுறைக்கு ஒத்துவரும் என்று பார்த்து வைத்தது. கால அளவும் அப்படித்தான். 1972-ல் செயின்ட் லூயிஸ்காரர்கள் ஒரு மாதம் என்றார்கள். 1980-ல் டிஎஸ்எம் அதை இரண்டு வாரம் ஆக்கியது.

இதன் விளைவையும் கவனிக்க வேண்டும். ஒன்பதில் ஐந்து என்ற கணக்கில் மனச்சோர்வுக்கு 227 விதமான சேர்க்கைகள் வருகின்றன. ஒரே நோய்ப் பெயருள்ள இரண்டு பேருக்கு ஒரே ஓர் அறிகுறி மட்டும் பொதுவாக இருக்கலாம். ஒருவர் தூங்காமல், சாப்பிடாமல் இளைத்துப்போகிறார். இன்னொருவர் எந்நேரமும் தூங்கி, எடை கூடி, எழுந்திருக்கவே முடியாமல் கிடக்கிறார். இருவருக்கும் சீட்டில் ஒரே பெயர். டிஎஸ்எம் ஐந்தாம் பதிப்புக்கு முன் நடந்த களச் சோதனையில் ஒரே நோயாளியை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாகப் பார்த்தார்கள். முழு உடன்பாட்டுக்கு 1, தற்செயலாக ஒத்துப்போவதற்கு 0 என்று வைத்தால், மனச்சோர்வுக்குக் கிடைத்தது 0.28. ஆட்டிசத்துக்கு 0.69. இவ்வளவு பரவலாக இருக்கும் ஒரு நோய்க்கு 0.28 என்பது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது.

நான்கு அறிகுறிகளோடு தவிப்பவருக்கு உதவி தேவையில்லை என்று எந்த நல்ல மருத்துவரும் சொல்லமாட்டார். அந்தக் கோடு மருத்துவர்கள் தங்களுக்குள் ஒரே பொருளைப் பற்றிப் பேசுகிறோம் என்று உறுதி செய்துகொள்வதற்கு. யாரையும் திருப்பி அனுப்புவதற்கு அல்ல.

தன்பாலீர்ப்பை ஓட்டுப் போட்டு நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கினார்களாமே? அப்படியானால் இது அறிவியலா, தேர்தலா?

மனநல மருத்துவத்தை நம்பாதவர்கள் தவறாமல் எடுத்துவைக்கும் வாதம் இது. கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

1952-ன் முதல் டிஎஸ்எம்மில் தன்பாலீர்ப்பு ஒரு ஆளுமைக் கோளாறு. அப்படிச் சேர்க்கும்போது ஆதாரம் என்று யாரும் எதையும் பெரிதாகக் காட்டவில்லை. சமூகம் வெறுத்தது, நூலும் வெறுத்தது. 1957-ல் எவலின் ஹூக்கர் என்ற உளவியலாளர் 30 தன்பாலீர்ப்பு ஆண்களுக்கும் 30 எதிர்பாலீர்ப்பு ஆண்களுக்கும் அன்றைய உளவியல் சோதனைகளைக் கொடுத்து, முடிவுகளைப் பெயர் மறைத்து நிபுணர்களிடம் காட்டினார். யார் எந்தப் பக்கம் என்று அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

1970-லிருந்து போராட்டக்காரர்கள் மருத்துவர் சங்கத்தின் மாநாடுகளுக்குள்ளேயே வந்துவிட்டார்கள். 1972-ல் டல்லஸ் மாநாட்டு மேடையில் ஃப்ராங்க் கேமனி, பார்பரா கிட்டிங்ஸ் என்ற இரண்டு செயற்பாட்டாளர்களோடு ஒரு மனநல மருத்துவர் உட்கார்ந்தார். முகத்தில் ரப்பர் முகமூடி, தலையில் விக், உடம்புக்குப் பொருந்தாத தொளதொளவென்ற கோட்டு, குரலை மாற்றும் மைக். தானும் தன்பாலீர்ப்பாளன், தானும் இந்தச் சங்கத்தின் உறுப்பினன் என்று பேசினார். அவர் பெயர் ஜான் ஃப்ரையர். தன் சக மருத்துவர்கள் நடுவே முகத்தை மூடிக்கொண்டுதான் அவரால் அதைச் சொல்ல முடிந்தது. முகமூடிக்குள் இருந்தது தான்தான் என்று அவர் வெளிப்படையாகச் சொல்ல மேலும் இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

1973 டிசம்பர் 15 அன்று சங்கத்தின் அறங்காவலர் குழு நீக்க முடிவெடுத்தது. பிடிக்காத உறுப்பினர்கள், முக்கியமாக உளப்பகுப்பாய்வு வழி மருத்துவர்கள், கையெழுத்து வாங்கி எல்லா உறுப்பினர்களும் வாக்களிக்க வேண்டும் என்று கேட்டார்கள். 1974-ல் நடந்த அந்த வாக்கெடுப்பில் 58 சதவீதம் பேர் நீக்கத்தை ஆதரித்தார்கள். ஓட்டுக் கேட்டவர்கள் நோய்ப் பட்டியலில் அது இருந்தே தீர வேண்டும் என்றவர்கள்தான். இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அதை விட்டுவிடுகிறார்கள்.

ஓட்டெடுப்பு அழகான காரியமில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு முன் நடந்த விவாதத்தில் ஒரு நல்ல கேள்வி பிறந்தது: இந்த நிலை தன்னளவிலேயே ஒருவருக்குத் தவிப்பையோ வாழ்க்கையில் முடக்கத்தையோ தருகிறதா? ஸ்பிட்சர் எழுப்பிய இந்தக் கேள்விதான் பின்னால் எல்லா மனநோய்களுக்கும் பொதுவான அளவுகோலின் அடிப்படையானது. பட்டியலில் நுழையும்போது கேட்காத கேள்வியை வெளியேறும்போது கேட்டார்கள்.

அப்புறமும் அது ஒரேயடியாகப் போய்விடவில்லை. தன் ஈர்ப்பை எண்ணித் தானே வருந்துபவருக்கு மட்டும் என்று ஒரு மிச்சம் 1987 வரை இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்றுதான் நீக்கியது. நம் பக்கம் அந்தச் செய்தி வந்து சேர இன்னும் நாளானது. தன்பாலீர்ப்பு உறவு குற்றமில்லை என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2018-ல் வந்தது. 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், ஈர்ப்பை "மாற்றும்" சிகிச்சைகளைத் தடை செய்ய வேண்டும் என்றார். அதைத் தொடர்ந்து 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் அப்படிச் சிகிச்சை கொடுப்பதைத் தொழில் ஒழுக்கக்கேடு என்று அறிவித்தது. இன்றைக்கும் "குணப்படுத்தித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால், அவர் ஒழுங்கு நடவடிக்கைக்கு உரிய காரியத்தைச் செய்கிறார் என்று அர்த்தம்.

போரில் அடிபட்ட மனசுக்கு எப்போது பெயர் வந்தது?

வந்தது, போனது, திரும்ப வந்தது. 1952 பதிப்பில் கடும் அதிர்ச்சிக்கான எதிர்வினை என்று ஒன்று இருந்தது. 1968-ல், வியட்நாம் போர் உச்சத்தில் இருந்தபோது, அதை எடுத்துவிட்டார்கள். ஊர் திரும்பிய வீரர்கள் இரவெல்லாம் அலறி விழித்தபோது மருத்துவர்களிடம் அதற்குப் பெயர் இல்லை. வீரர்களும் அவர்களோடு நின்ற மருத்துவர்களும் போராடியதால்தான் 1980-ல் பிடிஎஸ்டி, அதாவது அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு, சேர்ந்தது. ஐசிடி பதினோராம் பதிப்பு இன்னொரு படி போய், நீண்ட காலம் தப்பிக்க வழியில்லாமல் கொடுமையில் கிடந்தவர்களுக்கு வரும் சிக்கலான வடிவத்தைத் தனியாகப் பிரித்திருக்கிறது. சித்திரவதையும் வீட்டு வன்முறையும் ஒரு நாள் விபத்து மாதிரி இல்லை என்பதை அது ஏற்றுக்கொள்கிறது. தாமதமான, நல்ல மாற்றம்.

அம்மா இறந்து ஒரு மாதம்தான் ஆகிறது. "டிப்ரஷன்" என்று எழுதுகிறார்கள். துக்கமும் நோயா?

1980 முதல் டிஎஸ்எம்மில் துக்கத்துக்கு ஒரு விலக்கு இருந்தது. நெருங்கியவர் இறந்த பிறகு வரும் சோர்வைச் சட்டென்று மனச்சோர்வு நோயாக எழுதக்கூடாது என்பது அதன் சாரம். 1994 பதிப்பில் அந்த விலக்கு இரண்டு மாதம். 2013-ல் அதை அடியோடு எடுத்தார்கள். நான்காம் பதிப்புக்குத் தலைமை தாங்கிய ஆலன் ஃப்ரான்சிஸே வெளிப்படையாக எதிர்த்தார். இயல்பான துக்கத்துக்கும் மாத்திரை எழுதிவிடுவார்கள் என்றார். எடுத்தவர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. வேலை போனவருக்கும் விவாகரத்து ஆனவருக்கும் இல்லாத விலக்கு இதற்கு மட்டும் ஏன்? சாவுக்குப் பிறகு உண்மையிலேயே தற்கொலை எண்ணத்தில் விழுந்தவரை இரண்டு மாதம் காத்திருக்கச் சொல்வதா?

அதன் பிறகு இன்னொன்றும் சேர்ந்தது: நீடித்த துக்கக் கோளாறு. ஐசிடி குறைந்தது ஆறு மாதம் என்கிறது. டிஎஸ்எம் பெரியவர்களுக்கு ஒரு வருஷம் என்கிறது. அந்த நபரின் சமூகம், பண்பாடு, சமயம் எதிர்பார்ப்பதை மீறிய துக்கமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. நமக்கு இது முக்கியம். பதினாறாம் நாள் காரியம் முடிந்தும் அழுவது, தலைத்திவசம் வரை நல்ல நாள் கொண்டாடாமல் இருப்பது, தினமும் படத்துக்கு முன் விளக்கேற்றி இரண்டு வார்த்தை பேசுவது, இவையெல்லாம் நோயின் அறிகுறிகள் அல்ல.

ஆனால் இந்த வரையறையிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. அது "நெருங்கியவரின் மரணம்" என்று தொடங்குகிறது. இலங்கையின் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 முதல் சாலையோரப் பந்தலில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தோடு உட்கார்ந்திருக்கும் தாய்மாருக்கு எந்த நாளிலிருந்து ஆறு மாதம் எண்ணுவது? உடல் இல்லை, காரியம் இல்லை, இறந்தான் என்று யாரும் உறுதியாகச் சொல்லவும் இல்லை. நல்ல நோக்கத்தோடு எழுதிய நிபந்தனைகூட எழுதியவர்கள் காணாத வாழ்க்கையைத் தொடாமல் போய்விடும். அடுத்த திருத்தத்தில் யாராவது இதைக் கேட்க வேண்டும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒரு மாதத்தில் அழுகை இயல்பு. சாப்பாடே இறங்கவில்லை, தானும் போய்விட வேண்டும் என்ற எண்ணம் வருகிறது என்றால், சீட்டில் என்ன பெயர் என்று பார்த்துக்கொண்டிருக்காமல் உதவி எடுத்துக்கொள்ளுங்கள். அப்படியில்லாமல் மாத்திரை எழுதினால், "இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமா?" என்று தயங்காமல் கேளுங்கள்.

பையனுக்கு முன்பு ஆஸ்பெர்ஜர் என்றார்கள். இப்போது ஆட்டிசம் என்கிறார்கள். மோசமாகிவிட்டானா?

இல்லை. 1994 பதிப்பில் ஆஸ்பெர்ஜர் தனி நோய். 2013-ல் அதையும் ஆட்டிசத்தையும் இன்னும் சிலவற்றையும் சேர்த்து ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம் என்று ஒன்றாக்கினார்கள். அதற்கு முந்தைய வருஷம் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு 12 பல்கலைக்கழக மையங்களைப் பார்த்தது. குழந்தைக்கு எந்தப் பெயர் கிடைத்தது என்பதைக் குழந்தையின் தன்மையைவிட எந்த மையத்துக்குப் போனது என்பதே அதிகம் தீர்மானித்தது. அப்படிப்பட்ட பிரிவை வைத்திருப்பதில் பொருளில்லை. ஆஸ்பெர்ஜர் என்று உறுதியாகக் கண்டறியப்பட்டவர்களை ஸ்பெக்ட்ரத்திலேயே சேர்க்க வேண்டும் என்று டிஎஸ்எம் ஐந்தாம் பதிப்பே சொல்கிறது. பழைய பெயரைத் தன் அடையாளமாக ஏற்றுக்கொண்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இது வலித்தது என்பதும் உண்மை; அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆட்டிசம் இவ்வளவு அதிகமாவதற்கும் வரையறைதான் காரணமா?

பெரிய காரணங்களில் ஒன்று. 1980-க்கு முன் இந்தக் குழந்தைகளைக் குழந்தைப் பருவ மனச்சிதைவு என்று எழுதினார்கள். 1980-ல் 30 மாதத்துக்குள் தொடங்க வேண்டும் என்ற குறுகிய நிபந்தனை. அதன் பிறகு வட்டம் அகன்றுகொண்டே வந்தது. அமெரிக்காவில் 8 வயதுக் குழந்தைகளில் 2000-ல் 150-க்கு ஒருவர், 2022-ல் 31-க்கு ஒருவர். வரையறை அகன்றது, ஆசிரியர்களும் பெற்றோரும் கவனிக்கத் தொடங்கினார்கள், முன்பு அறிவுவளர்ச்சிக் குறைபாடு என்று மட்டும் எழுதப்பட்டவர்கள் இங்கே வந்தார்கள். பெண் குழந்தைகளையும் இப்போதுதான் கண்டுகொள்கிறார்கள். தடுப்பூசி காரணமில்லை, அப்படிச் சொன்ன 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை 2010-ல் அதை வெளியிட்ட இதழே திரும்பப் பெற்றுவிட்டது.

கவனம் நிற்காமை, அடங்காத துறுதுறுப்பு என்று வரும் ஏடிஹெச்டியிலும் இதே கதை. ஏழு வயதுக்குள் அறிகுறி தெரிந்திருக்க வேண்டும் என்பதை 2013-ல் பன்னிரண்டு ஆக்கினார்கள்.

இதெல்லாம் மருந்துக் கம்பெனிகளின் வேலையா?

முழுக்க அப்படி இல்லை, ஆனால் சந்தேகத்துக்கு இடம் உண்டு. 2006-ல் வந்த ஓர் ஆய்வின்படி டிஎஸ்எம் நான்காம் பதிப்புக் குழுக்களில் இருந்தவர்களில் 56 சதவீதம் பேருக்கு மருந்து நிறுவனங்களோடு பணத் தொடர்பு இருந்தது. மனச்சோர்வு முதலியவற்றையும் மனச்சிதைவையும் பார்த்த குழுக்களில் எல்லோருக்குமே இருந்தது. அந்தத் தொடர்பு ஒரு வரியையாவது மாற்றியது என்று இந்த எண் நிரூபிக்கவில்லை. அப்படியிருந்தும் வரையறை எழுதும் மேசையில் இந்தத் தொடர்பு இருக்கவே கூடாது என்பது என் கருத்து.

பிடிக்காதவர்களைப் பைத்தியம் என்று முத்திரை குத்த இது வழி செய்யாதா?

செய்திருக்கிறது. 1851-ல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற அமெரிக்க மருத்துவர், அடிமைகள் தப்பி ஓடுவதே ஒரு மனநோய் என்று பெயர் வைத்து எழுதினார். சோவியத் ஒன்றியத்தில் "மந்தகதி மனச்சிதைவு" என்ற பெயரில் அரசை எதிர்த்தவர்களை மருத்துவமனையில் அடைத்தார்கள். கண்டனம் வலுத்ததால் 1983-ல் சோவியத் மனநல மருத்துவர் சங்கம் உலக மனநல மருத்துவச் சங்கத்திலிருந்தே வெளியேறியது. நம் 2017 சட்டம் இதற்கு ஒரு தடுப்பு வைத்திருக்கிறது: சுற்றியிருப்பவர்களின் ஒழுக்க, சமூக, பண்பாட்டு, அரசியல், சமய மதிப்பீடுகளோடு ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து யாரையும் மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது. சாதி மாறிக் காதலித்த பெண்ணை "புத்தி பேதலித்துவிட்டது" என்று மருத்துவமனைக்கு இழுத்துப்போகும் குடும்பங்கள் உள்ள ஊரில் இந்த வரியைப் பலரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

மூளை ஸ்கேன் எடுத்துக் கண்டுபிடிக்க முடியாதா?

மனச்சோர்வுக்கோ மனச்சிதைவுக்கோ அப்படி ஒரு பரிசோதனை இன்றைக்கு இல்லை. மூளைக்கட்டி, தைராய்டு போன்ற வேறு காரணங்கள் இல்லை என்று உறுதி செய்யத்தான் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும்.

பெயர் மாறினால் மருந்தும் சான்றிதழும் மாறுமா?

மருந்து பெரும்பாலும் அறிகுறியைப் பார்த்துத்தான் எழுதப்படுகிறது. பெயர் மாறியது என்பதற்காக மட்டும் எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். சான்றிதழ் விஷயம் வேறு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம், குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, மனநோய் எல்லாம் தனித்தனியாக உண்டு. சீட்டில் பழைய பெயர் இருந்து சட்டத்தில் அந்தப் பெயர் இல்லையென்றால் விண்ணப்பத்தில் சிக்கல் வரலாம். மருத்துவரிடம் இப்போதைய பெயரையும் குறியீட்டையும் எழுதி, பழைய பெயரையும் பக்கத்தில் குறிப்பிடச் சொல்லுங்கள். பழைய கேஸ் ஷீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். எந்த வயதில் என்ன அறிகுறி இருந்தது என்று அதில் எழுதியிருப்பதைப் படித்துத்தான், பத்து வருஷம் கழித்துப் பார்க்கும் மருத்துவர் புதிய வரையறை பொருந்துகிறதா என்று சொல்ல முடியும்.